பேபி அக்காவின் மடக்கு சேர்

மேட்டுத்தெருவிலிருந்து பேபி அக்கா வருவதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கக்கத்தில் இடுக்கிய இரும்பு மடக்கு நாற்காலி அடிக்கு அடி கிணுக், கிணுக் என்று முனகிக்கொண்டே வரும். ஏரிக்கரை வேப்பமரத்தை அடைந்ததும் அதை இறக்கி மரத்தில் சாய்ப்பார். மூச்சு வாங்கிக்கொள்வார். பிறகு ஒரே உதறலில் விரித்து நிறுத்தி, நான்கு கால்களையும் வரிசையாகச் செருப்புக் காலால் மிதித்து மண்ணில் அழுத்துவார். ரப்பர் புஷ் எல்லாம் எப்போதோ கழன்று விழுந்துவிட்டதால் குழாயின் வாய் ஈரமண்ணில் சரக்கென்று இறங்கும். முந்தானையால் தகட்டைத் துடைத்து உட்காருவார். முதுகை மட்டும் உடனே சாய்க்க மாட்டார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம்தான், யாரோ கூப்பிட்டு அனுமதி கொடுத்ததுபோல, மெல்லச் சாய்வார்.

சேலையூருக்கும் சிட்லபாக்கத்துக்கும் நடுவே இருக்கிறது நாவல் தாங்கல் என்ற எங்கள் சின்ன ஏரி. ஒரு பக்கம் பழைய ஊரின் மேட்டுத்தெரு. மறு பக்கம் பிளாட் போட்டு விற்ற நகர். அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். கணவர் சின்னப்பன் பெயிண்டர். நாற்காலி, ஒரு வருஷம் லீவே போடாமல் வந்ததற்காகக் கம்பெனி கொடுத்த பரிசு.

"நாள் பூரா ஸ்டூல்ல குந்திக்கினு தைக்கிறேன் தம்பி. முதுவு சாய ஒண்ணும் கெடையாது. சாயங்காலம் ஒரு மணி நேரம் நான் மகாராணி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். நான் கொஞ்சம் தள்ளி மதகுக் கட்டையில் உட்கார்ந்து புதுக்கவிதைப் பத்திரிகை ஒன்றைப் பிரித்து வைத்திருப்பேன். ஒரு பக்கத்தைத் திருப்பவே அரை மணி ஆகும். அந்தக் கரையில் பார்க்க அவ்வளவு இருந்தது.

தொண்ணூற்று இரண்டு மழைக்காலம் முடிந்த சமயம், கரையில் ஒரு பலகை முளைத்தது. வணிக வளாகமும் கல்யாண மண்டபமும் வரப்போவதாக அதில் எழுதியிருந்தது. நகரில் மனை விற்றபோது வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பூங்கா என்றுதான் பெயர். ஆனால் பூங்கா யாரும் வைக்கவில்லை. சீமைக்கருவேல்தான் வளர்ந்தது. "இத்தனை வருஷமாக ஜனங்கள் பயன்படுத்தாத இடம், எங்களுக்குக் கொடுங்கள்" என்று கட்டட கம்பெனி மனு போட்டிருந்தது. கோடையில் ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், ஜனங்கள் புழங்கும் இடமா இல்லையா என்று அவர் எழுதுவதுதான் முடிவு என்றார்கள்.

நகர் சங்கத்துக்குப் பட்டாபிராமன் சார் செயலாளர். ஏஜீஸ் ஆபீசில் அரசாங்கக் கணக்கு பார்த்து ரிட்டயரானவர். அவர் வீட்டு போர்ட்டிகோவில் கூட்டம் நடந்தது. மேட்டுத்தெருவிலிருந்தும் சிலர் வந்து நின்றிருந்தார்கள்.

"ஒரே வழிதான் இருக்கு. ராவோட ராவா ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வெச்சுடுவோம். எவன் கை வைப்பான்?" என்றார் சார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். கேட்டருகே நின்ற பேபி அக்கா, "வேணாம் சார்" என்றார்.

"நீ சர்ச்சுக்குப் போறவ, நீ அப்படித்தான் சொல்லுவே" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நான் சர்ச்சுக்கும் போறேன், ஆடி மாசம் எல்லம்மா கோயில்ல க்யூவுல நின்னு கூழும் வாங்கிக் குடிக்கிறேன். அது இல்ல பேச்சு. பிள்ளையார் வந்தா உண்டி வரும். உண்டி வந்தா தேங்காக் கடை வரும், பூக்கடை வரும், செருப்பு பாத்துக்க ஒரு ஆள் வருவான். கடை வேணாம்னுதான சார் கூடிக்கீறோம்?"

சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப என்னதான் செய்யறது?"

"ஜனம் புழங்குதான்னு தான கேக்கறாங்க? புழங்குவோம். வூட்டுக்கு ஒரு சேர் எடுத்துகினு வாங்க. தெனம் சாயங்காலம் வந்து குந்துங்க. அவ்ளோதான்."

மறுநாள் நாலு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் கருவேலை வெட்டித் தள்ளினார்கள். தை முடிவதற்குள் கரை நிறைந்துவிட்டது. நகரிலிருந்து பிரம்பு நாற்காலி, ஒயர் பின்னிய நாற்காலி, சிவப்பு பிளாஸ்டிக் சேர். மேட்டுத்தெருவிலிருந்து ஸ்டூல், பெஞ்சு, கவிழ்த்த மண்ணெண்ணெய் டின். யார் இடம் எது என்று யாரும் பிரித்துக் கொடுக்கவில்லை. ஆனாலும் வகுப்பறை மாதிரி அவரவருக்கு ஓரிடம் அமைந்துவிட்டது. மாறி உட்கார்ந்தால், "அது எங்க மாமியோட இடமாச்சே" என்று குழந்தைகளே எழுப்பிவிட்டார்கள்.

துளசிங்கம் மட்டும் முதலில் வரவில்லை. ஏரிக்குக் கீழே முன்பு பயிர் வைத்த குடும்பம் அவருடையது. இப்போது எருமை வைத்திருந்தார். புது வளாகத்தில் பால் பூத்துக்கு ஒரு கடை தருவதாக கம்பெனிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

"இன்னா பேபி, மாநாடா? தலைவர் எப்ப பேசுவாரு?" என்று எருமையை ஓட்டிக்கொண்டு போகும்போது கேட்பார்.

"தலைவரு எருமை கழுவிக்கினு கீறாரு. முடிச்சதும் பேசுவாரு" என்பார் அக்கா, தலையைத் திருப்பாமல்.

மாசியில் ஒருநாள் துளசிங்கம் தன் கயிற்றுக் கட்டிலைத் தலையில் சுமந்து வந்து கரையோரம் போட்டுப் படுத்துக்கொண்டார். அவர் குறட்டைதான் முதலில் பேசியது.

அதிகாரி வருகிற நாள் சித்திரைக் கடைசியில் அமைந்தது. அங்கேதான் சங்கத்துக்குப் புத்தி தடுமாறியது. பெரிய மனிதர் வருகிறார், மண்ணெண்ணெய் டின்னையா காட்டுவது? சார் சொல்லி, பழைய சாமான்களையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு ஷாமியானா போட்டு, வாடகை நாற்காலி வரிசையாகப் போட்டார்கள். சந்தன மாலையும் ரோஸ் மில்க்கும் வேறு.

காலையில் அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். கம்பெனி மேனேஜர் கூடவே வந்தார். முதல் நாற்காலியின் முதுகைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை பெயிண்டில் வாடகைக் கடையின் பெயர்.

"எல்லாச் சேரும் இதே பேர்தான் சார். இன்னைக்கு ஒரு நாள் நாடகம். நாளைக்கு வண்டி வந்து ஏத்திக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அதிகாரி பட்டாபிராமன் சாரைப் பார்த்தார். சார் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது கிணுக், கிணுக் என்று கேட்டது.

"இன்னா சார் இது, கல்யாண வூடு மாதிரி? என் எடத்துல யார் சேர் இது?" வாடகை நாற்காலியை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்தார் அக்கா. தன் நாற்காலியை மரத்தில் சாய்த்தார், மூச்சு வாங்கினார், விரித்தார். மண் சிமெண்ட் மாதிரி காய்ந்திருந்த நேரம். ஆனால் நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் ஏற்கெனவே இருந்த நான்கு குழிகளில் டக்கென்று உட்கார்ந்தன. பழக்கம் விடாமல் ஒவ்வொன்றையும் மிதித்தார். துடைத்தார். உட்கார்ந்தார்.

"வேலைக்குப் போகலையாம்மா?" என்று கேட்டார் சார், மெல்லிய குரலில்.

"லீவு போட்டுட்டேன். தலையவா வாங்கிடுவான்?"

அதிகாரி குனிந்தார். நாற்காலிக் காலையும் குழியையும் பார்த்தார். இரண்டு அடி நகர்ந்து ஒரு வாடகை நாற்காலியைத் தூக்கச் சொன்னார். அதன் கீழே வேறு நாற்காலியின் குழிகள். இன்னொன்றைத் தூக்கச் சொன்னார். அங்கேயும். தை, மாசி ஈரத்தில் பதிந்ததெல்லாம் வெயிலில் அப்படியே இறுகிக் கிடந்தது. டின் பதிந்த சதுரம், ஸ்டூலின் சின்னப் பள்ளங்கள். ஷாமியானாவின் கீழே தரை முழுக்க எங்கள் சாயங்காலங்களின் அச்சு.

தண்ணீர் ஓரமாக இருந்த நான்கு பெரிய பள்ளங்களைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

மேனேஜர் துளசிங்கத்தை ஆவலோடு பார்த்தார். துளசிங்கம் தொண்டையைச் செருமினார். "அது நம்ம கட்டில் சார். சேர்ல குந்துனா எனக்கு இடுப்பு புடிச்சிக்கும்."

அதிகாரி சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார். ரோஸ் மில்க்கை மட்டும் வேண்டாம் என்றார்.

ஆவணியில் உத்தரவு வந்தது. பூங்கா பூங்காவாகவே இருக்கும். பலகையைத் துளசிங்கம் பிடுங்கிப்போய் எருமைக் கொட்டகைக்குத் தடுப்பாக வைத்துக்கொண்டார். அடுத்த வருஷம் நடைபாதை போட்டார்கள், புங்கன் நட்டார்கள், சிமெண்ட் பெஞ்சுகள் போட்டார்கள். திறப்பு விழாவில் சார் மைக்கில், "இந்தப் பூங்காவைக் காப்பாற்றியது சங்கம் அல்ல, ஒரு நாற்காலி" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தாம்பரம் பக்கம் எத்தனையோ தாங்கல் பஸ் ஸ்டாப்பின் பெயராக மட்டும் மிஞ்சியிருக்க, எங்களுடையதில் தண்ணீர் இருக்கிறது. யார் கேட்டாலும் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன், சத்தமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லாதபோதும்.

பேபி அக்கா பெஞ்சில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தார். "அதுக்கும் முதுவு இல்ல. யார்ரா செஞ்சது?" என்று எழுந்துவிட்டார். மறுநாள் மறுபடியும் கிணுக், கிணுக்.

அந்த நாற்காலியை அவர் தினமும் போராட்டத்துக்காகத்தான் சுமந்தார் என்று நினைத்திருந்தேன். அதற்கு முன்பும் சுமந்தார், அதற்குப் பின்பும் சுமந்தார் என்பது கண்ணெதிரே இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

தொண்ணூற்று ஆறில் பூங்காவின் ஆண்டு விழா அழைப்பிதழ் கொடுக்க முதல்முறையாக அவர் வீட்டுக்குப் போனேன். நல்ல மழை. ஒரே அறை. சின்னப்பன் அண்ணனும் இரண்டு பிள்ளைகளும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுப்பு, தண்ணீர்க் குடம், பெயிண்ட் டப்பாக்கள். நாற்காலி மடங்கி, சுவர் ஆணியில் மாட்டியிருந்தது.

"உள்ள வா தம்பி, நனையாத" என்று அக்கா அதைக் கழற்றினார். எனக்காக விரிக்கப் போனவர், பாதியில் நிறுத்தி அறையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"மறந்தே பூட்டேன் பாரு. இத்த இங்க விரிச்சா கதவ சாத்த முடியாது. வாங்கியாந்த அன்னிக்கே பாத்துட்டோம். அதுக்கப்புறம் இந்த வூட்டுல இத்த விரிச்சதே கெடையாது."