மெயினை அணைக்காத நாள்

இன்று மத்தியானம் ஓசூரில் நான் சாப்பிடும் மெஸ்ஸில் சோறு அடிப்பிடித்துவிட்டது. எல்லோரும் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்த வாசனையில் சுடலைமுத்து அண்ணாச்சியின் இடது கை ஞாபகம் வந்தது. அதில் மூன்று விரல்கள்தான் உண்டு.

சேரன்மகாதேவிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நெல் உலர்த்தும் இயந்திரத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டர் நிரலை எழுதியது வண்ணார்பேட்டை மாடியறை ஒன்றில் இருந்த எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் முதலாளி, நான், ஒரு மின்விசிறி. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டு நாலு ஊர் சுற்றியவனுக்கு அதுவே பெரிது.

நிரல் அவ்வப்போது உறைந்துபோகும். திரையில் சூடு ஒரே எண்ணில் நிற்கும். உள்ளே நெல் கருகும். இரண்டு தடவை கருகியதும், அண்ணாச்சி தூங்கிவிடுகிறார் என்று ஆலைக்காரர் முடிவுகட்டினார். இன்னொரு தடவை என்றால் வேலை கிடையாது.

நான் போய்ப் பார்க்கும்போது தடயம் எதுவும் மிஞ்சியிருக்காது. இயந்திரம் சிக்கினால் முதலில் மெயினை அணை என்பது ஆலையில் எழுதாத சட்டம். அணைத்தால், நிரல் எங்கே சிக்கி நின்றது என்பதும் சேர்ந்து போய்விடும்.

"அடுத்த தடவ அடுப்ப மட்டும் அணைங்க அண்ணாச்சி. கம்ப்யூட்டரத் தொடாதீங்க."

"சிக்குன மிஷின ஓடவிட்டுத்தான் இந்த ரெண்டு வெரலும் போச்சு. நீ மறுபடியும் விடச் சொல்லுத."

"இதுல வெரல் மாட்டாது."

"வேல மாட்டிருக்குல்லா" என்றார்.

மூன்றாம் முறை அவர் நான் சொன்னபடியே செய்தார். மெயினை அணைத்திருந்தால் காற்றாடியும் நின்றிருக்கும். அது ஓடிக்கொண்டே, அணைத்த அடுப்பில் மிஞ்சிய கனலின் சூட்டை உள்ளே ஊதியது. முந்தைய இரண்டு தடவையையும்விட அதிக நெல் கருகியது. நான் பஸ் பிடித்துப் போனபோது, தூக்குவாளியோடு ஆலை வாசலில் நின்றார். வேலை போய்விட்டிருந்தது.

"தொடல தம்பி. அப்படியே கெடக்கு. போய்ப் பாரு."

உறைந்த நிரலை அந்த நிலையிலேயே சாகடித்து, அப்போது அதன் நினைவில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டவைக்கலாம். கோர் டம்ப் என்பார்கள். பிரேதப் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்களேன். என் படிப்புக்கு அதை வாசித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று. சூட்டை அளக்கும் பகுதி, திரையில் எழுதும் பகுதி வைத்திருந்த பூட்டுக்காகக் காத்திருந்தது. திரைப் பகுதியோ இதன் கையில் இருந்த பூட்டுக்காக. இரண்டும் அசையவில்லை. அந்த வரிகளை எழுதியவன் நான். எங்கோ பார்த்து எழுதியவை, புரிந்து எழுதியவை அல்ல.

முதலாளியிடம் சொன்னேன். "திருத்திட்டேல்லா? பெறகென்ன. வாய மூடிட்டு இருலே."

இருந்தேன். அதன்பின் நிரல் ஒருநாளும் உறையவில்லை. "அந்தாளு போன பெறகு பொட்டி ஒரு தடவையாவது நின்னுச்சா, சொல்லும்வே" என்று ஆலைக்காரர் என்னிடமே கேட்டார்.

அந்த ஆலை இப்போது வீட்டுமனையாகிவிட்டது. அண்ணாச்சி தென்காசிப் பக்கம் செங்கல் சூளைக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் தேடிப் போகவில்லை. அவர் தொடாமல் எனக்காக வைத்திருந்ததிலிருந்து எடுத்த கோப்பு கொஞ்ச காலம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கிடந்தது. இடம் போதவில்லை என்று முதலாளி சொன்ன அன்று நான்தான் அழித்தேன்.