யோகேஸ்வரி மிஸ் திரும்பப் பெற்ற கட்டுரை

செவ்வாய்க்கிழமை முற்பகல். பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது யோகேஸ்வரி மிஸ்ஸின் தம்பி முருகேசு அழைத்தார். “சேர், அக்கா காலையில போயிட்டாங்க. நாளைக்கு மூணு மணிக்கு எடுக்கிறோம், வந்திருங்க” என்றார். வருகிறேன் என்றேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கலாநிதி யோகேஸ்வரி, கண்டிக்கருகே எங்கள் பல்கலைக்கழகத்தின் உயிர் இரசாயனத் துறையில் பதினேழு ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வாழும் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவர். மேடைகளில் அதையே பெரிதாகச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. “எங்க பொறந்தேன்னு சொல்றாங்க, என்ன செஞ்சேன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க” என்பார்.

அவர் செய்தது இது. கெலிஓயா வயற்சேற்றில் ஒளியைக் கொண்டு வாழும் ஊதா நிறப் பற்றீரியாக்கள் உண்டு. வெளிச்சம் பட்டதும் அவற்றினுள் ஓர் இலத்திரன் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவுகிறது. ஒரு செக்கனை இலட்சம் கோடியாகப் பகுத்தால், அதில் ஏறத்தாழ மூன்று பங்கு நேரத்துக்குள் அது நடந்து முடிந்துவிடும். “ரொம்பத் தாமதிச்சா புடிச்ச வெளிச்சம் வெறும் சூடாப் போயிரும் சேர். அதான் இந்த அவசரம்” என்று, நான் அவருடன் ஆய்வில் சேர்ந்தபோது சொன்னார்.

அங்குள்ள புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றினால் அந்தத் தாவல் எவ்வளவு தாமதிக்கும்? இதுதான் அவருடைய கேள்வி. இத்தனை சிறிய நேரத்தை அளக்கும் லேசர் எங்களிடம் இல்லை. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றுக்கு அனுப்பினோம். அனுப்பும் பொறுப்பு என்னுடையது. பெட்டி வழியில் நாட்கணக்கில் தேங்கிக் கிடந்தது. ஐஸ் முழுவதும் உருகிவிட்டது, மாதிரி கெட்டிருக்கும், அளக்கத்தான் வேண்டுமா என்று கேட்டு அங்கிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. பதவி உயர்வுக்கு எனக்கு அந்த ஆண்டு ஒரு கட்டுரை தேவைப்பட்டது. அளக்கும்படி பதில் எழுதினேன். மிஸ்ஸிடம் சொல்லவில்லை.

தாவல் இரு மடங்கு தாமதிப்பதாக முடிவு வந்தது. இருவர் பெயரிலும் கட்டுரை வெளியாகி, எனக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, அவர் புதிய மாதிரிகளுடன் தாமே அந்த ஆய்வுகூடத்துக்குப் போனார். திரும்பி வந்தவர் வீட்டுக்குப் போகாமல் நேரே என் அறைக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“தாமதமே இல்ல சேர். பழைய மாதிரி கெட்டுப் போயிருந்திருக்கு. நாம எழுதினது பிழை.”

“இது யாருக்கும் தெரியாதே மிஸ். இப்ப போய்ச் சென்னா ஒங்கட பேராசிரியர் பதவி கெடைக்காது.”

“கெடைக்காதுதான்.”

“என்ட பேரும் அதுல ஈக்குதே.”

சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். “மாதிரிக்குப் பொறுப்பு நான்னு எழுதுறேன். உங்களுக்கு ஒண்ணும் வராது” என்றார்.

அப்படியே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவருக்குப் பேராசிரியர் பதவி இல்லையென்றாயிற்று. ஆய்வு மாணவர்கள் வருவது நின்றது. ஊழியர் அறையில் ஒருவர், “பொய்க் கணக்குக் காட்டினவங்க” என்று சிரித்தார். நான் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனேன்.

பிறகு புற்றுநோய். சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். கட்டிலோடு ஒட்டிக் கிடந்தார். அன்றுதான் அந்த மின்னஞ்சலைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும்” என்றார். “அங்க போனப்பவே காட்டினாங்க. அன்னைக்கு உங்க ரூமுக்கு வந்தப்ப, நீங்களாச் சொல்லுவீங்கன்னுதான் நின்னேன்.”

“மன்னிச்சிக்கோங்க மிஸ்.”

“அதுக்கெல்லாம் இப்ப எனக்குத் தெம்பு இல்ல சேர்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கோபத்தில் சொன்னது போல் இல்லை. உண்மையிலேயே தெம்பு இருக்கவில்லை. அதுவே எங்கள் கடைசிப் பேச்சு.

புதன்கிழமை ஹந்தானையில் அவரை அடக்கம் செய்தோம். “அக்கா என்ன கண்டுபிடிச்சாங்கன்னு எங்க சனத்துக்குச் சொல்லுங்க சேர்” என்று முருகேசு கேட்டார். ஒளியைப் பற்றிப் பேசினேன். பற்றீரியாவைப் பற்றிப் பேசினேன். சொல்ல வேண்டியதை அங்கும் சொல்லவில்லை.

எல்லோரும் மலைச்சரிவிலிருந்து இறங்கத் தொடங்கியபோது மழை பிடித்தது. அவருடைய தாயார் மட்டும் புதுமண்ணின் அருகே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குடையை அவருக்கு மேலே பிடித்தேன். நிமிர்ந்து பார்த்து என் கையைப் பற்றிக்கொண்டார். “நீங்கதானுங்களே சேர் எம் புள்ளைக்கு அங்க தொணையா இருந்தது” என்றார். நான் ஆமென்று தலையசைத்தேன்.

மாதிரி கெட்டதை அறிந்தும் மறைத்தவன் நான் என்று, எங்கள் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டிருந்த சஞ்சிகைக்கு நேற்று எழுதி அனுப்பினேன். இப்போது எழுதும் இந்த அஞ்சலியைத் தாயாருக்கு வாசித்துக் காட்டும்படி முருகேசுவிடம் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு அந்த வீட்டு வாசலில் எனக்கு இடமிருக்காது.

போய் வாருங்கள், மிஸ்.