குரல் இல்லாத ஜுல்மிரா

"மைக் சத்தத்தைக் கொஞ்சம் ஏத்தட்டுமா, தோனா ஜுல்மிரா?" என்று ஒலிமேசையிலிருந்து கேட்டேன். மூத்த பெண்களை இங்கே மரியாதையாக 'தோனா' என்போம். ஒத்திகையில் முதல் பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது.

"எதுக்கு? நான் என்ன மீனா விக்கிறேன்?"

கச்சேரியை ஏற்பாடு செய்திருந்த ரொஜேரியு மேடையோரம் வந்தார். "கடைசி வரிசைக்குக் கேக்கணும்ல, தோனா? உங்க குரல் முன்ன மாதிரி இல்ல."

"முன்ன எனக்குக் குரல் இருந்துச்சுன்னு யாருப்பா சொன்னது?"

"அதான் சொல்றேன், தைனாவும் கூடப் பாடட்டும். சின்னப் பொண்ணு, கணீர்னு பாடுவா."

"கணீர்னுதான் வேணும்னா சர்ச் மணியைக் கொண்டாந்து மாட்டு."

ரொஜேரியு சிரிக்கவில்லை. "முதல் ரெண்டு பாட்டு நீங்க தனியாப் பாடுங்க. பின்னால கேக்கலைன்னா தைனா வருவா."

"வரட்டும். உக்காந்து கேட்டுட்டுப் போவா."

போசா நோவா என்ற மெல்லிசை எங்கே பிறந்தது என்று ரியோவில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஜுல்மிராவைக் கேட்டால், கோபகபானாவில் அவர் வீட்டுக் கூடத்தில் என்பார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர். சத்தம் கூடினால் செருப்பால் சுவரை இடிப்பார். அதனால் கிட்டாரோடு வந்த நண்பர்கள் பேசுகிற அளவுக்கே பாடினார்கள். கைதட்டாமல் விரலைச் சொடுக்கினார்கள். பிறகு ஜுல்மிரா பகலில் பல் டாக்டரிடம் வரவேற்பாளராக இருந்தார், மாலையில் ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் கிட்டார் வாசித்துப் பாடினார். முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவிலும் குரலை உயர்த்தியதில்லை. பேச்சை நிறுத்தினால் கேட்கும் என்பது அவர் கட்சி. பல மேசைகள் நிறுத்தவில்லை.

எழுபத்தெட்டு வயதில்தான் ஓர் அரங்கின் வாசலில் அவர் பெயர் தனியாக எழுதப்பட்டது. அந்த வீட்டுக் கூடத்தில் பாடியவர்களில் மிஞ்சியவர் அவர் மட்டும். அவர்கள் பாட்டை அவர்கள் பாடிய அளவிலேயே பாடிவிட வேண்டும். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

ஜனவரிப் புழுக்கம். அரங்கு நிறைந்திருந்தது. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒலிமேசையில் இருந்தேன். ஏ.சி.யின் இரைச்சல் முதல் பாட்டைப் பாதி விழுங்கிவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் காதில் கையைக் குவித்தார். தைனா திரையோரம் வந்து நின்றாள்.

பாட்டு முடிந்ததும் ஜுல்மிரா கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"மேல யாரோ என்கூடச் சேர்ந்து பாடுறாங்க. சுருதியும் சேரல. பொண்ணே, அவரை அனுப்பிடு."

கூட்டம் சிரித்தது. என் பின்சுவரிலிருந்த ஏ.சி. சுவிட்சை அணைத்தேன்.

இரண்டாவது பாட்டில், சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் அவர் உதடு பிரிவது கூடக் கேட்டது. முன்னால் இருந்தவர் கையை இறக்கி, நிகழ்ச்சித் தாளால் விசிறிக்கொண்டார். தைனா திரையோரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரொஜேரியு கழுத்தைத் துடைத்தபடி என்னிடம் வந்தார். "கேக்குது, ஒத்துக்கறேன். ஆனா ஜனங்க அவிஞ்சு போறாங்க. லேசாப் போட்டு விடும்மா."

நான் மேடையைப் பார்த்தேன். ஜுல்மிரா கிட்டார் நரம்பை முறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், குரலையும் உயர்த்தாமல் சொன்னார்:

"பொண்ணே, அவன் என்ன சொன்னாலும் சுவிட்சைத் தொடாத. வேர்க்கிறவங்களுக்கு வேர்க்கட்டும். எனக்கு இன்னும் பாட்டு நெறைய இருக்கு."