கப்பலில் உள் ரூம்

கப்பலைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்து இருபத்திரண்டு நாளாகிவிட்டது. இந்நேரம் ஒரு கப்பலையே கட்டி முடித்திருக்கலாம் என்று லாண்டரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லாண்டரியக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். நர்சுகளிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு அடியில், படியிறங்கிப் போனால் வரும் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை. அங்கே ஜன்னல் கிடையாது. டியூப் லைட்டும் ஆவியும் மிஷின் சத்தமும்தான். எதிர்க் கட்டடத்திலிருந்து வரும் துணிவண்டியின் சக்கரம் ஈரமாக இருந்தால், ஓகோ, வெளியே மழை என்று தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

ஓய்வு பெற்ற அன்று மகள் கேட்டாள், "உனக்கு என்னம்மா வேணும்?"

"கப்பல்ல போகணும். கடலைப் பார்க்கணும்."

அவள் மனசிலிருந்தது இன்னும் கொஞ்சம் விவரமானது. கட்டிலில் படுத்தபடியே, ஜன்னல் வழியாக, கடல் நகர்வதைப் பார்க்க வேண்டும். அதைச் சொல்லவில்லை. கப்பல் என்றால் ஜன்னல் இல்லாமலா இருக்கும்?

மகள் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. சோப்பு டப்பாவில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட முழுசாகப் படித்துவிட்டுத்தான் குளிக்கப் போவாள். அப்படிப்பட்டவள் கையில் கப்பலைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு கப்பலில் சாப்பாடு சரியில்லை என்று யாரோ எழுதியிருந்தார்களாம். இன்னொன்று நல்ல ஊர்களில் நிற்காதாம். மூன்றாவதில் எல்லாம் சரி, விலைதான் நெஞ்சை அடைத்தது. கடைசியில் வெளிநாட்டுக் கரையோரமாகவே ஒன்பது நாள் போகிற, கைக்கு எட்டுகிற ஒன்று அகப்பட்டது.

"கலாச்சாரக் கப்பல்மா இது."

"கப்பலுக்கு என்னடி கலாச்சாரம்?"

"நிக்கிற ஊர்லயெல்லாம் கோட்டை, மியூசியம்னு கூட்டிட்டுப் போவாங்க. சாயங்காலம் அந்த ஊர் ஆளுங்களே வந்து ஆடிப் பாடுவாங்க."

"சரி, ஆடட்டும். நீ முதல்ல டிக்கெட்டைப் போடு."

"இரும்மா. உள் ரூமா, வெளி ரூமா?"

லாண்டரியக்கா இருபத்திரண்டு நாளில் யோசிக்காமல் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான். அவர்கள் வீடு இரண்டே ரூம். வெளி ரூம் தெருவை ஒட்டியது. வண்டி ஹாரன் காதுக்குள்ளேயே அடிக்கும். சாக்கடை மூடியை யாராவது மிதித்தால் கட்டில் அதிரும். போகிறவன் வருகிறவன் எல்லாம் உள்ளே எட்டிப் பார்ப்பான். உள் ரூமில்தான் பீரோ, நல்ல மின்விசிறி, நிம்மதி. மகள் பரீட்சைக்குப் படித்த வருஷங்களில் உள் ரூமை அவளுக்கு விட்டுவிட்டு அம்மா வெளி ரூமில் படுத்தாள்.

"உள் ரூமே போடு. வாழ்க்கைல ஒரு தடவை போறோம்."

மகள் அம்மாவைக் கண் கலங்கப் பார்த்தாள். இதற்கு எதற்கு அழுகை என்று லாண்டரியக்காவுக்கு விளங்கவில்லை. படித்த பிள்ளைகள் அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் பணம் கட்ட டிராவல்ஸுக்குப் போனார்கள். மாடியில் ஒரே அறை, இரண்டு மேஜை. டிராவல்ஸ்காரர் கப்பலின் வரைபடத்தை விரித்து, நடு வரிசையில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

"இதுதாம்மா உங்க ரூம்."

லாண்டரியக்கா குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கமும் கட்டம், அந்தப் பக்கமும் கட்டம்.

"ஜன்னல் எங்க?"

"உள் ரூம்ல ஜன்னல் வராதும்மா. வெளி ரூம்லதான். அது விலை ஜாஸ்தி."

லாண்டரியக்கா மகள் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, முப்பத்தொரு வருஷம் குழிக்குள்ள கெடந்தது பத்தாதா? இப்போ காசு குடுத்து வேற கெடக்கணுமா?"

"நீதானேம்மா உள் ரூம்னு சொன்ன!"

"நான் நம்ம வீட்டு உள் ரூமை நெனச்சு சொன்னேன். நீ படிச்சவதானே, ஜன்னல் இருக்காதுன்னு வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"காசு மிச்சம் பண்ணத்தான் அப்படிச் சொல்றேன்னு நினைச்சேன்!"

"அதுக்குத்தான் அழுதியா?"

மகள் டிராவல்ஸ்காரரிடம், "ரெண்டு நாள் டைம் குடுங்க சார், மறுபடியும் கம்பேர் பண்ணிப் பார்க்கிறேன்" என்றாள்.

"நீ பண்ணினதெல்லாம் போதும், தாயே!"

"தப்பாப் போட்டுட்டா என்னம்மா பண்றது?" மகளின் குரல் உடைந்தது. "எது சரின்னு கேக்க எனக்கு யார் இருக்கா? காலேஜையும் இப்படித்தான், நானேதானே பார்த்துப் பார்த்துப் போட்டேன். கோட்டை, மியூசியம் எல்லாம் உனக்காகப் பார்த்தேனா எனக்காகப் பார்த்தேனான்னே இப்போ தெரியல."

லாண்டரியக்காவின் கோபம் பாதியில் நின்றது. முழுசாக இறங்கவில்லை, பாதிதான். அவள் டிராவல்ஸ்காரரைப் பார்த்தாள்.

"இதே கப்பல்லயே, எங்களுக்குக் கட்டுப்படியாகிற மாதிரி ஜன்னலோட ஒண்ணும் இல்லையா?"

அவர் கம்ப்யூட்டரைத் தட்டினார். தயங்கினார். "ஒண்ணு இருக்கு. ஆனா ஜன்னலுக்கு வெளிய உயிர்காக்கும் படகைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாங்க. அது பாதியை மறைக்கும். அதான் விலை கம்மி. யாரும் எடுக்க மாட்டாங்க."

"கடலைப் பார்க்கப் போற எடத்துல ஜன்னலுக்கு முன்னாடி படகா? எந்தப் பாதியை மறைக்கும்?"

"கீழ்ப் பாதியை. மேல வானம் தெரியும்."

"மழை பெஞ்சா தெரியுமா?"

"தெரியாம? நல்லாவே தெரியும்மா."

"கடலை?"

"எழுந்து நின்னு எட்டிப் பார்த்தா தெரியும்."

படுத்தபடி பார்ப்பது என்கிற கணக்கை லாண்டரியக்கா மனசுக்குள்ளேயே திருத்திக்கொண்டாள். வானத்துக்குப் படுத்துக்கொள்ளலாம். கடலுக்கு எழுந்து நிற்கலாம். முப்பத்தொரு வருஷம் நின்ற காலுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

"அதையே போடுங்க. ஆனா சீட்டுல எழுதிக் குடுங்க."

"எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கும்மா."

"கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு இருக்கட்டும். எங்க சலவைக்கூடத்துல சீட்டு இல்லாம ஒரு தலையணை உறைகூட கைமாறாது."

அவர் பெருமூச்சு விட்டு, ஒரு தாளில் 'ஜன்னல் - 1' என்று எழுதி நீட்டினார்.

"பாதின்னும் எழுதுங்க. எந்தப் பாதின்னும் எழுதுங்க. நாளைக்கு இல்லாத பாதிக்கு நான் சண்டைக்கு வரக் கூடாது பாருங்க."

'மேல் பாதி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். லாண்டரியக்கா அதை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்தாள். மடிப்பு ஓரம் பிசகாமல் இருந்தது.

படியிறங்கும்போது மகள் போனைப் பார்த்தபடி, "அம்மா, கப்பல்ல சாப்பாடு ரெண்டு நேரத்துல போடுவாங்களாம், எந்த நேரம்னு நாமதான்..." என்று ஆரம்பித்தாள்.

லாண்டரியக்கா நின்று திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

மகள் போனைப் பைக்குள் போட்டுவிட்டாள்.