இடப்பக்கம் விழுந்த பூ

காலை ஆறு பத்து. கண் விழித்ததும் முதலில் பார்வையில் பட்டது என் வலது கால் பெருவிரல். அதிலிருந்த கட்டி வெடித்து, சுண்ணாம்பு போல ஏதோ பாயில் வழிந்திருந்தது. யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாக உறையும் நோய் எனக்கு. மாத்திரைக்கு அடங்கவில்லை. ஏழு மாதமாக நடையில்லை. காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு முந்தின நாள்தான் காப்புக் கட்டினோம். கால் பிழைக்க வேண்டி நானும் கட்டிக்கொண்டேன். கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக்கூடாது.

எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. படிகத்தைக் கரைக்கும் உயிரி மருந்து வந்துவிட்டதாம். இன்றே வந்து தங்கினால் நாளை நரம்பில் ஏற்றலாமாம்.

என் மனைவி பையை எடுத்துவிட்டாள். "ஆத்தா கோவிச்சுக்கும்னு பாக்குறீங்க. காலு கோவிச்சுக்கினு ஏழு மாசமா தரையில எறங்கல. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

பூசாரி எனக்கு மச்சான். "பூ கேட்டுட்டுப் போங்க மாமா. ஆத்தா வழி வுட்டா நான் இன்னா தடுக்கப்போறேன்" என்றார்.

நாற்காலியோடு தூக்கிப்போனார்கள். மச்சான் அம்மன் தோளில் பூ வைத்தார். வலப்பக்கம் விழுந்தால் போகலாம். போகவிடு தாயே என்று மட்டும் வேண்டினேன்.

இடப்பக்கம் விழுந்தது.

நான் போகவில்லை. இரண்டு நாள் காய்ச்சல். மனைவி எடுத்து வைத்த பையைப் பிரிக்கவில்லை. கைவிட்டாயே என்று அம்மனிடம் அழுதேன்.

மூன்றாம் நாள் கள்ளக்குறிச்சி மருத்துவமனை டாக்டரம்மா அழைத்தார். நிலுவையில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனையின் முடிவு அன்றுதான் வந்ததாம். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி என் உடம்பில் பிறவியிலேயே குறைவு. அந்த மருந்து ஏறியிருந்தால் ரத்த அணுக்கள் உடைந்து உயிர் போயிருக்கலாம்.

"நல்லவேளை நீங்க வரல" என்றார்.

திருவிழா முடிந்து போனேன். அழற்சியை அடக்கும் வேறொரு உயிரி மருந்தை ஊசியாகப் போட்டார்கள். புண் ஆறியது. இன்று பஸ் நிறுத்தம் வரை நடக்கிறேன். செவ்வாய்தோறும் கோயில் வாசலை நானே கூட்டுகிறேன்.

கேட்டது கிடைக்காத நாளில், தாய் காது கொடுக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம்புங்கள். படிகத்தைக் கரைக்கும் மருந்தை ஏற்றுமுன் அந்த நொதிப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாகப் போனபோது டாக்டரம்மா கேட்டார்: "இந்த நொதிக் குறை குடும்பத்துல வரும். உங்க வீட்ல மாத்திரை சாப்பிட்டு யாருக்காவது யூரின் கறுப்பா போயிருக்கா?"

என் அண்ணனுக்குப் போனது. மலேரியா மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள். இறந்தபோது அவனுக்கு ஒன்பது வயது.