பகா எண் தேடிய நெட் சென்டர்

ஷோபாவும் யமுனாவும் திருப்பதியில் நெட் சென்டர் திறந்தபோது, அது என்ன கடை என்று இரண்டு பேர் வீட்டிலும் யாருக்கும் பிடிபடவில்லை. நகரிப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வைக்கிற திருவேங்கடம், "டைப் அடிக்கிற கடையாம்மா?" என்று மகள் ஷோபாவைக் கேட்டார். பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊரில் இருந்த யமுனாவின் நைனா அப்பாவு, "எஸ்.டி.டி. பூத்து மாதிரிதானே?" என்று கேட்டு, மகள் வாயைத் திறப்பதற்குள் தானே தலையாட்டிக்கொண்டார்.

தோழிகள் இருவரும் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவர்கள். ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே பக்கெட், பரீட்சை சமயத்தில் ஒரே தட்டு. தமிழ் பேசுகிற பெண்கள் அந்த மாடியில் அவர்கள் இரண்டு பேர்தான் என்பதால் ஒட்டிக்கொண்டார்கள் என்று மற்றவர்கள் சொல்வதுண்டு. அது ஆரம்பத்துக்குச் சரி. பிறகு ஒட்டுவதற்குக் காரணம் தேவைப்படவில்லை.

ஊரே வெளியே கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஹைதராபாத், பெங்களூர், அமெரிக்கா என்று வீட்டுக்கு ஒரு பெட்டி கட்டினார்கள். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு வெளியூர்க் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப வந்த பையன்கள். மீதிப்பேரில் நிறைய அம்மாக்கள். மகன் மெயிலில் அனுப்பிய போட்டோவைக் காட்டச் சொல்லித் தெலுங்கில் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரை முன்னால் உட்காருவார்கள். அந்தக் காலத்து லைனில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். முதலில் தலைமுடி, அப்புறம் நெற்றி. கண் வரைக்கும் வந்து நின்றுவிட்டால் அந்த அம்மா யமுனாவின் கையைப் பிடித்துக்கொள்வாள். "வந்துடும்மா, வந்துக்கினே இருக்கு பாரு" என்று யமுனா தமிழிலேயே சொல்லுவாள். அவர்களுக்குப் புரியும்.

யமுனாவுக்குக் கடை அப்படிப் பிடித்துப்போயிருந்தது. ஷோபாவின் மனசு வேறு எங்கோ இருந்தது. எண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று எம்.எஸ்ஸி. முடித்ததும் கேட்டாள். "படிச்சது போதும்மா" என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதை அவள் பெரிதாகப் பேசவில்லை. ஆனால் உள்ளே அது ஆறவில்லை.

அந்த நேரத்தில்தான், கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக ஒட்டிவந்த சி.டி.யில் ஒரு புரோகிராம் அவள் கண்ணில் பட்டது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மாதிரி, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்ணைப் பகா எண் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். எவ்வளவு தூரம் போனாலும் அவை தீர்வதில்லை. ஆனால் பெரிய பெரிய பகா எண்களைக் கண்டுபிடிப்பது லேசில்லை. எழுதினால் ஒரு தடிப் புத்தகம் முழுக்க அந்த ஓர் எண்ணே நிறையும், அவ்வளவு பெரிய எண்ணைச் சோதிக்க ஒரு கம்ப்யூட்டருக்கு மாசக்கணக்கில் ஆகும். அதனால் உலகம் முழுக்க ஆர்வமுள்ளவர்கள் தங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தை இந்த வேலைக்குக் கொடுத்தார்கள். ஆளுக்கு ஓர் எண் வரும். அதைச் சோதித்து, பகா எண்ணா இல்லையா என்று திருப்பி அனுப்ப வேண்டும். படிப்பு, வயது, ஊர், எதுவும் கேட்பதில்லை.

ஷோபாவுக்கு மூடின கதவு ஒன்று திறந்த மாதிரி இருந்தது. கடையின் எல்லா மெஷின்களிலும் அதைப் போட்டாள்.

யமுனா முதலில் சிரித்தாள். "கண்டுபிடிச்சா இன்னாடி பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன். உலகத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரிஞ்சிருக்கும், அவ்ளோதான்."

"நல்லாத்தான் கீது. போட்டுக்கோ."

ஆனால் வெயில் ஏற ஏற மெஷின்கள் கொதித்தன. பழைய மெஷின்கள் வேறு. திரை மெதுவாக வருகிறது என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் மத்தியானம் யமுனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஓடட்டும். மத்தியானம் சும்மா கீறப்போ ஓடட்டும். ஆளு இருக்கறப்ப மட்டும் வேணாம்டி. எங்கூட்ல இந்தக் கடைய நம்பித்தான் கீறாங்க, உனக்குத் தெரியாததா?"

"சரிடி, நிறுத்திடறேன்" என்றாள் ஷோபா.

நிறுத்தவில்லை. நிறுத்தித்தான் பார்த்தாள், ஒரு வாரம். காலையிலும் மத்தியானத்திலும் கிடைக்கிற சொச்ச நேரத்தில் எண் நகரவே இல்லை. புரோகிராம் ஓடுகிறது என்று திரையின் மூலையில் ஒரு சின்னப் படம் தெரியும். அதை மறைத்துவிடுகிற வசதியும் அந்த புரோகிராமிலேயே இருந்தது. ஷோபா ஒவ்வொரு மெஷினாகப் போய் அதை மறைத்துவைத்தாள். யாருக்கும் கெடுதல் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனையோ மாதம் ஓடி ஒரு மெஷினில் ஓர் எண் கிட்டத்தட்ட முடிகிற இடத்துக்கு வந்திருந்தது. அந்த எண் மேல் அவளுக்கு ஒரு பைத்தியமே இருந்தது. கடைக்குள் நுழைந்ததும் முதலில் அந்த மெஷினைத்தான் தொட்டுப் பார்ப்பாள்.

எம்செட் ரிசல்ட் வருகிற நாளில் ஷோபாவின் சித்தப்பா மகளுக்கு நகரியில் கல்யாணம். இஞ்சினியரிங்குக்கும் மருத்துவத்துக்கும் பரீட்சை எழுதிய பிள்ளைகள் அத்தனை பேரும் ரேங்க் பார்க்க நெட் சென்டருக்குத்தான் வந்தாக வேண்டும். வருஷத்திலேயே பெரிய கூட்டம் அன்றைக்குத்தான். "நான் பாத்துக்கறேன், நீ போய் மஞ்சத் தண்ணி ஊத்திக்கினு வா" என்று யமுனா அவளை அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை ஷோபா திரும்பி வந்தபோது கடையில் ஒரே ஒரு பெண் மட்டும் ரேங்க் கார்டு பிரிண்டுக்காக உட்கார்ந்திருந்தாள். யமுனாவின் கண் வீங்கியிருந்தது. ஷோபா வழக்கம்போல அந்த மெஷினைத் தொட்டாள். சில்லென்று இருந்தது.

"எங்கடி அது?"

"எடுத்துட்டேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்தானே ஓடிக்கினு இருந்துச்சி?" யமுனா குரலை உயர்த்தவில்லை. "நேத்து ஒரு மெஷின்கூட அசையல. வாசல் வரைக்கும் ஜனம். திட்டிட்டு எதிர்க் கடைக்குப் போறாங்க. எது ஓடுதுன்னு பாக்கலாம்னு லிஸ்ட எடுத்தேன். உன்னுது அதுல கீது. ஒவ்வொண்ணுலயும் கீது. ஆளு இருக்கறப்ப ஓடாதுன்னு சொன்ன இல்ல எங்கிட்ட? இன்னாத்துக்குடி மறைச்ச?"

ஷோபா வாய்க்கு எந்த வார்த்தை அகப்பட்டதோ அதை எடுத்து வீசினாள்.

ஹாஸ்டலில் ஒருநாள் யமுனா அவளிடம் ஒன்று சொல்லியிருந்தாள். அம்மா செல்லியம்மா கரும்பு வெட்டுக்கு ஆட்களோடு நகரிப் பக்கம் வருவாள், ஷோபாவின் ஊர்க் கழனிகளில்கூட வெட்டியிருக்கலாம் என்று. சொந்த நிலம் என்று கொஞ்சம் கிடைத்ததெல்லாம் அதற்கப்புறம். வேறு யாரிடமும் சொல்லாததை இவளிடம் சொன்னாள்.

"கரும்பு வெட்டப் போன வூட்டுல பொறந்தவளுக்கு இதெல்லாம் இன்னான்னு புரியும்? கூலி வருதான்னுதானே பாப்ப?"

ஷோபா சொல்லி முடிக்கும்போதே அவள் காதிலேயே அது வேறு யாரோ பேசிய மாதிரி விழுந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு மேற்பார்வை பார்த்த பெரியவர்கள் இலை எடுக்கிற ஆட்களிடம் பேசிய அதே தொனி.

யமுனா பிரிண்டர் பக்கம் போனாள். ரேங்க் கார்டை எடுத்து, ஓரம் மடங்காமல் கவரில் போட்டு, அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "நல்ல ரேங்க் பாப்பா, நல்லா படி" என்றாள். பிறகு கடைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஷோபா கூப்பிடவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

வரவில்லை. பங்கைப் பிரித்துக்கொண்டதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் மூலமாக நடந்தது. சில வாரத்தில் யமுனா பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று ஷோபா கேள்விப்பட்டாள்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு ஊரில் இருந்த எல்லா நெட் சென்டரிலும் அதே கதைதான் என்று பின்னால் தெரிந்தது. ஒரே நேரத்தில் அத்தனை பேரும் பார்த்ததில் ரிசல்ட் போட்டிருந்த வெப்சைட்டே திணறிப்போயிருந்தது. அதைக் கேட்டதும் ஷோபாவுக்குச் சந்தோஷம்தான் வந்தது. பாத்தியாடி, எம்மேல தப்பில்ல என்று மனசுக்குள் யமுனாவோடு வாதாடினாள். அந்த வாதத்தில் தினமும் ஜெயித்தாள். புரோகிராமால் மெஷின் நின்றதா இல்லையா என்பது பேச்சே இல்லை என்று உறைப்பதற்கு வெகுநாள் ஆயிற்று.

புரோகிராமை மறுபடி போட்டாள். மூலையில் படம் தெரியும்படியே போட்டாள். இப்போது மறைக்க ஆள் இல்லை. அழிந்துபோன அந்த எண்ணைத் திரும்ப முதலிலிருந்து ஓட்ட அவளுக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டாள். அது வேறு யாருக்கோ போயிற்று. ஒரு வருஷம் கழித்து அந்த எண்ணின் முடிவைத் தேடிப் பார்த்தாள். எந்த நாட்டிலோ ஒருவர் சோதித்து முடித்திருந்தார். பகா எண் இல்லை. சாதாரண எண். ஷோபா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்தாள்.

அப்புறம் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்தது, கைக்குக் கை போன் வந்தது. கடையை மூடினாள். ரேணிகுண்டாவில் ரயில்வே வேலையில் இருந்த முரளிதரனைக் கட்டிக்கொண்டு, ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். யமுனா வெளிநாடு போனாள், சில வருஷம் இருந்தாள், பெங்களூருக்கே திரும்பி வந்தாள் என்று யார் யாரோ சொல்லிக் காதில் விழும். விஷயம் தெரிந்த முரளிதரன், "ஒருநாள் போய்ப் பாத்துட்டு வந்துடேன்" என்பார். "லீவுல போலாம்" என்பாள். லீவுகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

ரேணிகுண்டா ஸ்டேஷனில் ஒருநாள் சாயங்காலம், மாமியாரை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏ ஷோபா கண்ணு! நீதானே?"

செல்லியம்மா. பெஞ்சில் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யமுனா, கண்ணாடி போட்டு, காதோரம் நரைத்து.

"எப்டி கீற? எம்மாம் வருசமாச்சி! வூட்டுப் பக்கமே வரல பாத்தியா?" செல்லியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, மடியிலிருந்த வேர்க்கடலையை அள்ளிக் கையில் வைத்தாள். "துன்னு கண்ணு."

"அவங்களுக்கு வேலை இருந்திருக்கும்மா" என்றாள் யமுனா. பிறகு ஷோபாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா? எங்க இருக்கீங்க இப்ப?" என்று கேட்டாள்.

நீங்க. ஒரே பக்கெட்டில் குளித்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள். ஷோபா ஸ்கூல் பேரைச் சொன்னாள்.

செல்லியம்மா நிறுத்தவில்லை. "அந்தக் காலத்துல உங்க ஊருக்குக் கரும்பு வெட்ட வந்திருக்கேன் கண்ணு, யமுனா சொல்லல? உங்க நைனா கழனியோ யாரோடதோ, மோரு குடுப்பாங்க. வெல்லம் காச்சற வாசன இருக்கே, இப்பயும் மூக்குலயே நிக்குது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை.

யமுனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் அவள் எதுவுமே சொல்லவில்லை என்பது ஷோபாவுக்கு அப்போதுதான் புரிந்தது. கடை ஏன் போயிற்று, சிநேகம் ஏன் போயிற்று, ஒன்றும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் செல்லியம்மாவின் முன்னால் அந்த வார்த்தையை எடுக்க வேண்டும். ஷோபா வேர்க்கடலையை உரித்துக்கொண்டே வண்டி வரும்வரை மழையைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசினாள். ஏறுவதற்கு முன் செல்லியம்மா தன் நம்பரையும் யமுனா நம்பரையும் ஷோபாவிடம் கொடுத்தாள், ஷோபாவின் நம்பரைத் தன் போனில் போட்டுவைக்கும்படி யமுனாவிடம் சொன்னாள்.

ஷோபா யமுனாவுக்குப் போன் செய்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முரளிதரன் கடைக்குப் போயிருந்தபோது.

"யமுனா, நான் அன்னிக்குப் பேசினது..."

"ஞாபகம் இருக்கு."

"நான் பேசியிருக்கக் கூடாது. ஓட்டினதும் தப்பு, மறைச்சதும் தப்பு. ஆனா பேசினது... அதுக்கு எப்டி மன்னிப்பு கேக்கறதுன்னு தெரியாம இத்தினி வருஷம் போயிடுச்சி."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. யமுனா போனை வைத்துவிட்டுப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கோவமெல்லாம் இல்லங்க" என்றாள். "மொதல்ல இருந்துச்சி. அப்புறம் வேல, கொழந்த, அது இதுன்னு போயிடுச்சி. ஆனா மறந்துட்டேன்னு சொன்னா பொய். அம்மாவுக்கு உங்கள ரொம்பப் புடிக்கும். அவங்க காதுக்கு மட்டும் போகாம பாத்துக்கோங்க. அது போதும்."

"சரி" என்றாள் ஷோபா. "சரிடி" என்று வாய்வரை வந்ததை முழுங்கினாள்.

அதற்குப் பிறகு யமுனாவுக்கு அவள் போன் செய்யவில்லை, யமுனாவும் செய்யவில்லை. செல்லியம்மாதான் மாதம் ஒருதரமாவது கூப்பிடுகிறாள். ரேணிகுண்டாவில் எலும்பு டாக்டர் யார் நல்லவர் என்று கேட்பாள், பேரனுக்குக் கணக்கு வரவில்லை என்பாள், பேசிப் பேசி இவளை வயிறு வலிக்கச் சிரிக்கவைப்பாள். போனை வைக்கும்போதெல்லாம் ஷோபாவுக்குத் திருடிய பண்டத்தைத் தின்ற மாதிரி இருக்கும்.

"கங்கம்மா ஜாத்திரைக்கு வந்துடு கண்ணு, யமுனாவும் வர்றா" என்று போன மாசம் அந்தக் கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாள்.

"கண்டிப்பா வர்றேம்மா" என்றாள் ஷோபா. போகவில்லை.