சன்னத்துக்கு ஓர் அச்சு

என் கணவருக்கு ஒரு நல்ல அச்சு தேவைப்பட்டது. வீட்டிலேயே ஈயத்தை உருக்கிக் கைத்துப்பாக்கிச் சன்னம் வார்க்கிற அச்சு. அதை அவர் என்னிடம் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் நான் அச்சுகளோடுதான் வேலை செய்கிறேன். சாப்பாட்டுப் பெட்டிகளுக்கு மூடி அடிக்கிற பெரிய அச்சுகள். இரண்டு பாதியும் சரியாகப் பொருந்துகிறதா, விளிம்பு தேய்ந்துவிட்டதா, எங்காவது கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து, மினுக்கி, திரும்பவும் மெஷினுக்கு அனுப்புவது என் வேலை.

"இஞ்சரும், உமக்குத்தானே உதுகள் தெரியும். சனிக்கிழமை ஒருக்கா என்னோட வாரும். பாத்து நல்லதா ஒண்டு எடுத்துத் தாரும்."

நான் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். இப்போது நினைவுக்கு வந்துவிடும், சொன்னதை எண்ணி வெட்கப்படுவார் என்று காத்து நின்றேன். அவர் சீனி கேட்டார்.

அவர் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னரே சித்தப்பாவோடு கனடாவுக்கு வந்துவிட்டவர். சண்டையை டிவியில் பார்த்தவர். நான் அது முடியும்வரை வன்னிக்குள் இருந்தவள். கலியாணமாகி இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் என் தம்பியைப் பற்றி அவரிடம் சொன்னேன். தறப்பாள் கொட்டில் வாசலில் குனிந்து செருப்பைக் கொளுவிக்கொண்டிருந்தவன். எங்கேயிருந்தோ வந்த சன்னம் தோள்மூட்டுக்குக் கீழே ஏறிவிட்டது. வெட்டி எடுப்பதற்கு மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டான். சன்னம் உள்ளேதான் இருந்தது. அதோடுதான் அவனைத் தாட்டோம்.

இதையெல்லாம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "சரி, அது முடிஞ்சுது. இனி உதுகளை யோசியாதையும்" என்றார். அப்போது அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டேன்.

துவக்குச் சுடுவது அவருக்கு வேலை இடத்தில் தொற்றிய பழக்கம். மிசிசாகாப் பக்கம், விமானத்துக்குச் சரக்கு ஏற்றும் இடத்தில் வேலை. அங்கே கூட வேலை செய்கிற வெள்ளைக்காரன் ஒருவன் ஒரு நாள் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனான். பிறகு வகுப்பு, சோதனை, லைசன்ஸ், ஒரு கைத்துப்பாக்கி. லைசன்ஸ் விண்ணப்பத்தில் மனைவியின் கையெழுத்தையும் கேட்பார்கள். 'உமக்குப் பிரச்சினை இல்லைத்தானே' என்று ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பேனாவைத்தான் நீட்டினார். வைத்துக் கொடுத்தேன்.

சில வருடங்களில் அரசாங்கம் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவதை நிறுத்தியது. கையில் இருப்பதை வைத்திருக்கலாம். அது அநியாயம் என்று நாட்கணக்காகக் கத்திக்கொண்டு திரிந்தார். ஒருவரின் பொருளில் அரசாங்கம் கை வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று எனக்கு விளங்கப்படுத்தினார். வீடு, காணி, தம்பி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த எனக்கு. நான் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டேன். கடையில் துப்பாக்கி ரவை விலை ஏறத்தான் இந்த வார்க்கிற யோசனை வந்தது.

அந்தச் சனிக்கிழமை நகருக்கு வெளியே, துப்பாக்கிச் சாமான் சந்தை நடக்கும் ஒரு மண்டபத்துக்குப் போனோம். நீள மேசைகளில் பழைய தோல் உறைகள், தராசுகள், வெற்றுத் தோட்டாக் கோதுகள். கம்பளித் தொப்பி போட்ட ஒரு கிழவர் மூன்று அச்சுகளை எடுத்து என் முன்னால் வைத்தார். "என்ர மனிசிக்கு மோல்ட் வேலைதான்" என்று என் கணவர் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னார். குரலில் பெருமை.

முதலாவது அலுமினியம். புதுசு, மலிவு. இரண்டு பாதியையும் சேர்த்து மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடுவே மயிரிழை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. அதில் வார்த்தால் ஈயம் பக்கவாட்டில் வழிந்து விளிம்பு கட்டும். வைத்துவிட்டேன். இரண்டாவது பித்தளை, பார்க்க அழகு. ஆனால் ஈயம் ஊற்றுகிற மேல்தகடு விரல் பட்டவுடன் ஆடியது. மூன்றாவது யாரோ பாவித்த இரும்பு அச்சு. ஓரங்கள் கறுத்திருந்தன. திறந்து மூடிப் பார்த்தேன். பாதிகளைப் பொருத்துகிற ஊசிகள் தேயவில்லை, ஒரே சத்தத்தோடு போய் உட்கார்ந்தன. காற்றுப் போவதற்குக் கீறியிருந்த மெல்லிய கோடுகளின் மேல் நகத்தை ஓட்டினேன். ஒன்றும் அடைபட்டிருக்கவில்லை. பிறகு, வேலையில் செய்கிற மாதிரியே, திறந்த பாதியின் குழிக்குள் சுண்டுவிரல் நுனியை வைத்துத் தடவினேன்.

அப்போதுதான் விரல் எதற்குள் இருக்கிறது என்று உறைத்தது. தம்பிக்குள் போனதை நான் கண்ணால் கண்டதில்லை. ஏறிய இடத்தைத்தான் கண்டேன். மூக்கு ஒடுங்கி அடி அகன்ற அந்தக் குழி வழுவழுவென்று, குளிராக இருந்தது.

"எப்பிடி?" என்றார் கணவர்.

"இது திறம்" என்றேன். வாய் தன்பாட்டில் சொன்னது. கூடாத அச்சைத் திறம் என்று சொல்ல எனக்கு வராது, திறமானதைக் கூடாது என்று சொல்லவும் வராது.

"உன் மனைவிக்கு நல்ல கண்" என்று கிழவர் அவருக்குச் சொன்னார். கணவர் என் தோளில் கையைப் போட்டார். வீடு வந்து சேரும்வரை எந்த ஈயம் நல்லது, எது கடினம் என்று கதைத்துக்கொண்டே கார் ஓட்டினார்.

எங்கள் வீடு மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ். கராஜ் கதவைத் திறந்து வைத்து அங்கேதான் வார்க்கத் தொடங்கினார். ஈயத் தூசி பட்ட உடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது, மகளின் உடுப்போடு மெஷினில் போடக்கூடாது, கை முகம் கழுவாமல் ஒரு கோப்பையையும் தொடக்கூடாது என்று சொன்னேன். அதையெல்லாம் ஒழுங்காகக் கேட்டார். நல்ல மனிதர்தான். குடி இல்லை, அடி இல்லை. என் சொந்தக்காரர்கள் போன் எடுத்தால் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.

முதல் வார்ப்புகள் சுருங்கிப்போய் வந்தன. அச்சுச் சூடேறிய பிறகு சரிவந்தது. நான் சமையலறையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருக்க, உள்ளங்கையில் ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தார். மேசையில் மகள் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தாள்.

"பாரும், உம்மட மோல்ட்! ஒரு மறு இல்லை."

என் கையை இழுத்து விரித்து அதை வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை. அந்த அளவுக்குக் கனக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

"தம்பிக்குப் பட்டதும் இப்பிடித்தான் இருந்திருக்கும் என்ன" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கடைசியாக நினைவு வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"இல்லையப்பா, அது ரைஃபிள்" என்றார். "அது வேற. நீட்டா, கூரா இருக்கும். செம்பு உறை போட்டது. இது வெறும் ஈயம்தானே."

பிழை திருத்துகிற குரலில், ஆறுதலாக, அன்பாகத்தான் சொன்னார்.

மகள் பென்சிலை வைத்துவிட்டாள். "அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"என்ன? நான் என்ன பிழையாச் சொன்னனான்?"

"அம்மான்ர பிரதரைப் பற்றி அவ சொல்லுறா. நீங்க வட் கைண்ட் ஒஃப் புல்லட் எண்டு சொல்லுறீங்கள்."

அவருக்குக் கோபம் வந்தது. "நான் களவா ஒண்டும் செய்யேல்லை. லைசன்ஸ் இருக்கு. கொம்மாவும் சைன் வைச்சவதானே? மோல்ட்டையும் அவதானே தெரிஞ்சு தந்தவ? விருப்பமில்லையெண்டால் அப்பவே சொல்லியிருக்கலாம்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் சன்னத்தை மேசை விளிம்பில் வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அவர் அதை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார்.

மாசி மாதம் போல வார்க்கிற சாமான்கள் கராஜிலிருந்து காணாமல் போயின. அச்சு, உருக்குகிற சட்டி, கரண்டி ஒன்றையும் காணவில்லை. எனக்குள் ஏதோ இளகியது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த கணவாய்க் கறி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்: "வார்க்கிறதை விட்டிட்டீங்களே?"

"விடேல்லை. கதவைத் திறந்து வைச்சால் குளிர் தாங்கேலாது. அவன்ர ஃபார்மில பெரிய ஷெட் இருக்கு, ஹீற்றரும் இருக்கு. அங்க கொண்டுபோய் வைச்சிட்டன்." வேலையிடத்து நண்பனைத்தான் சொன்னார். பிறகு சோற்றுக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கணவாய் போடும்" என்றார். போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் இருப்பார். போன மாதம் ஒரு நாள் அங்கிருந்து போன் எடுத்தார். நண்பனுக்கும் ஓர் அச்சு வேண்டுமாம். படம் அனுப்புகிறாராம், எது நல்லது என்று பார்த்துச் சொல்லட்டாம்.

"என்னட்ட உதுகளைக் கேக்காதேங்கோ" என்றேன்.

"ஏனப்பா? சும்மா ஒருக்காப் பாத்துச் சொல்லுமன்."

"ஏலாது."

மறுபக்கத்தில் அவர் நண்பனுக்கு ஆங்கிலத்தில், அவள் இன்றைக்குக் களைத்துப்போனாள் என்று சொல்லுவது கேட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் ஏன் ஏலாது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து கீழே பேஸ்மன்ற் அறையில் படுக்கிறேன். அதிகாலை ஷிஃப்டுக்கு எழும்பும்போது அவரைக் குழப்பக்கூடாது என்று காரணம் சொன்னேன். அவர் நம்பினார்.

மகள் மட்டும் சில வேளைகளில் கீழே வந்து கட்டில் ஓரத்தில் இருப்பாள். மாமா எப்படி இருப்பார், என்ன விளையாடுவார் என்று அவளுடைய உடைந்த தமிழில் கேட்பாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள். போன கிழமை, "மாமா லெஃப்ற் ஹான்டா, ரைற் ஹான்டா?" என்று கேட்டாள். அவள் இடக்கைக்காரி, அதனால் கேட்டிருப்பாள்.

அவன் எழுதுகிறதை நினைத்துப் பார்த்தேன், பந்து எறிகிறதை, சோறு குழைக்கிறதை நினைத்துப் பார்த்தேன். முகம் வந்தது. கை வரவில்லை. பிறகு சொல்லுகிறேன் என்று அவளை மேலே அனுப்பினேன்.